முருங்கை என்று எழுதியிருந்தது

கோப்பில் ஒரே வரி:
‘காற்றில் சாய்ந்த முருங்கை. அப்புறப்படுத்தப்பட்டது.’
கீழே வரதகுமார், சைட் இன்ஜினியர்.
கையெழுத்தின் வால் அடுத்த கட்டம்வரை நீண்டிருந்தது.
முருங்கைக்கு அனுமதி கேட்கிறவர் இந்த ஊரில் யாருமில்லை,
காக்கை அழுந்தி உட்கார்ந்தாலே முறிகிற மரம்.
நம்பியிருப்பேன்.
கூடவே வந்த புகாரில் பெயரில்லை,
மரத்தின் பெயரும் இல்லை.
‘நிழல் போச்சு’ என்று மட்டும், பென்சிலில்.

அயனாவரம், மூன்றாவது குறுக்குத் தெரு.
மரம் நின்ற இடத்தில் புது சிமெண்ட்,
காயுமுன் ஒரு நாய் நடந்துபோன தடம்.
இலை ஒன்றுகூட இல்லை.
ஆடு தின்றது போக மிச்சத்தை
பேட்டரி வண்டி வாரிக்கொண்டு போய்விட்டது.
லோடு எங்கே போயிற்று?
புளியந்தோப்புப் பக்கம் என்று ஒருவர்
கையைப் பொதுவாகக் கிழக்கே வீசினார்.

புளியந்தோப்பில் புளியமரம் தேடக் கூடாது.
விறகுக் கடைகளில் எல்லாம் கலந்து கிடந்தன:
தூங்குமூஞ்சி, கரும்பழுப்பு நெஞ்சும் மஞ்சள் விளிம்புமாக;
புங்கை, வெளிர்மஞ்சள், நெஞ்சென்று தனியே எதுவுமில்லை;
வேம்பு. பட்டையை நுனிநாக்கால் தொட்டேன்,
சாயங்கால டீவரை அந்தக் கசப்பு கூடவே வந்தது.
மயில்கொன்றைக்குள் அதற்குள் வண்டு குடியேறியிருந்தது.
ஏழு கடை. எட்டாவதில் மழை.
முருங்கை எங்குமில்லை, அதை யார் விறகுக்கு வாங்குவார்?

திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்,
இஸ்திரி வண்டியின் பின்காலுக்கு முட்டுக்கொடுத்த கட்டையை.
வண்டி வெட்டவெளியில் நின்றது.
ஏகாம்பரம் தலையில் ஈரத்துண்டு, காதில் பென்சில்.
‘இது எங்க கெடச்சுது?’
‘ரோட்லம்மா.’
எந்த ரோடு என்று நான் கேட்கவில்லை.

முதலில் எடை.
முருங்கையென்றால் நனைந்த ரொட்டி, கையே சொல்லிவிடும்;
இது மணிக்கட்டை இழுத்தது.
பட்டையைக் கீறி இழுத்தேன். உடையவில்லை,
உள்நார் நாடாவாக உரிந்து வந்தது,
அதில் பூக்கட்டலாம்.
புது பிளேடால் வெட்டுமுகத்தைச் சீவி, எச்சில் தொட்டு,
லென்ஸைக் கண்ணோடு ஒட்டினேன்:
தனியாகவும், இரண்டு மூன்றாகக் கைகோத்தும் துளைகள்.
பக்கவாட்டில் மெல்லிய குறுக்கலை,
குட்டைத் தண்ணீரில் காற்று ஊர்ந்தாற்போல.
வெளுத்த ஓரம், சாக்லேட் நிற நெஞ்சு.
மோந்தேன்.
முந்தாநாள் ரோஜா, எங்கோ தூரத்தில்.

பூவரசு.

இனம் என்ற கட்டத்தில் அடித்து எழுதினேன்.
வரதகுமார் போனில் சிரித்தார்:
‘மேடம், ஊர்ல ஆயிரம் பூவரசு.
அந்த மரந்தான்னு கட்டையில எழுதியிருக்கா?’
நியாயம்தான்.
லென்ஸ் குலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

மறுநாள் கட்டையை நெடுக அறுக்கச் சொன்னேன்.
பாதியில் கிரீச்சென்று வாளுக்குப் பல் போனது.
உள்ளே, இரண்டு விரல் ஆழத்தில், ஆணி.
இரும்பைச் சுற்றி மைப்புட்டி கவிழ்ந்தது போல்
நீலக்கருப்பு, நார்வழியே மேலும் கீழும் ஓடி.
ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்,
துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்.
‘கண்ணாடி மாட்ட அடிச்சது.
பொண்ணு எட்டாவது படிக்கறப்போ.
கொஞ்சங் கொஞ்சமா உள்ள போயிடுச்சி,
நானும் வேற ஆணி அடிச்சிக்கினேன்.’

வேற ஆணியும் இருந்தது.
அதற்கு ஒரு சாண் மேலே, பாதி விழுங்கப்பட்டு,
தலையில் இன்னும் ஒரு முடிச்சு நைலான் கயிறோடு.

புகார் எழுதியது யாரென்று கோப்பு கேட்கிறது.
‘தெரியவில்லை’ என்று எழுதினேன்,
அவர் காதிலிருந்து வாங்கிய பென்சிலால்.

இரண்டு பாதியையும் சாக்கில் கட்டி அரக்கு வைத்தபோது
வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது,
கரிப்பெட்டி நழுவி ஓரத்தில் நின்றது.
முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும்.
எதிரே சைட்டில்
செங்கல் நிறையக் கிடந்தது.